காலியாக இருந்த பெயர்

மார்ச் 3, திங்கள்
பிரெஞ்சு படித்ததற்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. தொலைபேசி சேவை மையம். ஃபோனில் எங்கள் சொந்தப் பெயர் கூடாதாம். மேற்பார்வையாளர் மேடம் ஒரு பட்டியலை நீட்டினார்: அப்போலின், சிதொனி, இஸோர், ஒனொரீன். “பொண்ணுங்களுக்கு அவங்க ஊர்லயே அபூர்வமா வைக்கிற பேருங்க. கேட்டவங்க மறக்க மாட்டாங்க.” எனக்கு ஒனொரீன். எழுதும்போது முன்னால் ஒரு ‘ஹ’ உண்டு, சொல்லும்போது கிடையாது. ‘ர’ நாக்கில் உருளக் கூடாது, தொண்டையிலிருந்து வரணும். நாள் முழுக்கக் காறிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5
பக்கத்து சீட் அக்கா டீ குடிக்கும்போது சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு ஒனொரீன் இருந்தாளாம். மூன்று வாரம் முன்பு லாரி மோதி, அந்த இடத்திலேயே... “கஸ்டமருங்களுக்குப் பழகின பேரு, ஏன் வீணாக்கணும்னு மேடம் உனக்குக் குடுத்துட்டாங்க.”
அடப்பாவிகளா! செத்தவள் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி உடம்பெல்லாம் கூசுகிறது.

மார்ச் 11, செவ்வாய்
ஒரு வயதான அம்மாள். பேசியது பிரெஞ்சு, என் காதில் விழுந்தது இப்படித்தான்: “ஒனொரீன்! எங்கே போயிட்டே கண்ணு? செவ்வாய்க்குச் செவ்வாய் கூப்பிடறேன், யார் யாரோ எடுக்கறாங்க. குரல் மாறியிருக்கே?”
சளி என்றேன். இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்த மேடம் கட்டைவிரலை உயர்த்தினார்.

மார்ச் 18
மறுபடியும் அந்த வயதான அம்மாள். “தம்பி கால் எப்படி இருக்கு? நடக்கிறானா?”
எனக்கு என்ன தெரியும்? நடக்கிறான் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் அழுதார், பாவம்.
ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் காதுக்குள் யாரோ ஒருத்தி மூச்சு விடுகிறாள். யாருடி நீ?

மார்ச் 20
செத்தவளின் நிஜப் பெயரைக் கேட்டேன். அக்கா திருதிருவென்று விழித்தாள். “ஒனொரீன்னுதானே கூப்பிடுவோம்...” இரண்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்தவள்! ஆள் அனுப்பியது வேறு கம்பெனி, எனக்கெப்படித் தெரியும் என்றார் மேடம். வேன் டிரைவருக்கு வீடு மட்டும் தெரிந்திருந்தது.

மார்ச் 23, ஞாயிறு
போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார். வாய் தவறி, “ஒனொரீன் வேலை செஞ்ச ஆபீஸ்லேருந்து...” என்றேன்.
“அப்படி யாரும் இங்க இல்லையேம்மா.” கதவைச் சாத்தப் போனார்.
“லாரி...” என்றேன். வேறென்ன சொல்ல? அந்தம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.
உள்ளே கட்டிலில் தம்பி. காலில் கம்பி. நான் நடக்கவைத்த தம்பி!
அம்மா அவள் பெயரைச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். அவளிடமிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டது போதும்.

மார்ச் 25
ஃபோனில் அந்த வயதான அம்மாளிடம் சொல்லிவிட்டேன். நான் அவள் இல்லை, அவள் இறந்துவிட்டாள், தம்பி இன்னும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம். பிறகு, “அவளோட சொந்தப் பேரு என்ன?”
சொன்னேன். அந்த அம்மாள் வாயில் நுழையவே இல்லை. பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆறாவது தடவை சரியாக வந்தது. அழுதது நான்தான்.
மேடம் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டிருக்கிறார். “நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.” ஒனொரீன் என்று போட்ட அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கதவுவரை போனதும் கூப்பிட்டார். முகத்தை நிமிர்த்தவில்லை.
“அவ பேரு என்னன்னு சொன்னே? எனக்கு இன்னொரு தடவை சொல்லு.”