துடைத்துக் கொடுத்த போர்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

செக்கிங் மேஜைக்குக் கேமரா மெஷின் வந்து இறங்கியது. இனி சர்க்யூட் போர்டுகளை அதுவே பார்த்து பாஸ், ஃபெயில் சொல்லுமாம். எது நல்ல போர்டு, எது கெட்டது என்று முதலில் நாம் காட்டிப் பழக்க வேண்டும். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே பழக்குங்கண்ணே. சரியா வந்தா மெஷின் உங்க பொறுப்பு. வரலேன்னா பேக்கிங்குக்கு மாத்திடுவோம்."

பேக்கிங்குக்குத் தலைவி யார்? என் வீட்டுக்காரி. வீட்டில் திட்டு வாங்குவது போதாதா? விடக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

நல்ல போர்டுகளாகப் பொறுக்கினேன். ஒவ்வொரு சால்டர் பற்றவைப்பும் லென்ஸில் பார்த்தது. படம் எடுக்க நிற்கிற பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவதுபோல, ஸ்பிரிட் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்தும் வைத்தேன். கெட்டதை எதற்குத் துடைக்க? அப்படியே கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மெஷின் கற்றுக்கொண்டுவிட்டதாம். மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா, எனக்கும் நீங்கதான் கணக்கு சொல்லிக்கொடுத்தீங்க. என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. பேச்சை மாற்றினேன்.

மார்ச் 10, திங்கள்

ஃபெயில். ஃபெயில். ஃபெயில். லைனில் வந்த அத்தனையும் ஃபெயில்! லென்ஸில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஐயோ, என்னத்தைப் பண்ணித் தொலைச்சேன்? மெஷினைப் பொருத்திய இன்ஜினியரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அட்டைப் பெட்டிக்குள் வைக்க ஒன்றும் வராததால் பேக்கிங் தலைவியே கிளம்பி வந்துவிட்டாள். நான் பொறுக்கிய போர்டையும் லைனில் வந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, இதைத் துடைச்சீங்களா?"

"நல்ல போர்டாச்சேன்னு லேசா…"

"லேசாவா? கண்ணாடி மாதிரி மின்னுது! லைன்ல வர்றதுல சால்டர் பிசுக்கு அப்படியே இருக்கு. மின்னுறதுதான் நல்லதுன்னு மெஷின் நினைச்சிருக்கும் மேடம்." அதோடு விட்டாளா? "வீட்டுல ஒரு தட்டைத் துடைச்சு நான் பார்த்ததில்ல!"

இன்ஜினியரம்மா சிரித்த சிரிப்பில் லைனே திரும்பிப் பார்த்தது. நானும்தான் சிரித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 11, செவ்வாய்

பிசுக்கோடு இருக்கும் நல்லதுகளைக் காட்டி முதலிலிருந்து பழக்கினேன். துணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

பாஸ்! சால்டர் விட்டுப்போன போர்டு ஒன்றை இன்ஜினியரம்மா வேண்டுமென்றே நடுவில் சொருகினார். கப்பென்று பிடித்தது, என் ராசா! மெஷின் என் பொறுப்பு. பேக்கிங் கண்டம் தப்பியது.

மார்ச் 24, திங்கள்

மெஷின் சந்தேகப்பட்டு ஒதுக்குகிற போர்டுகளுக்குக் கடைசித் தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. இன்ஜினியரம்மா யோசிக்கவே இல்லை. நேரே பேக்கிங்குக்குப் போய்க் கூட்டிவந்துவிட்டார். என் நாற்காலியை ஒட்டி அவளுக்கும் ஒரு நாற்காலி. நான் பாஸ் என்று வைத்ததைக்கூட எடுத்துப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

"இது ஃபெயிலுங்க."

"நல்லாப் பாரு, பாஸ்."

"நீங்க நல்லாப் பாருங்க."

சாப்பாட்டு மணி அடித்ததாம். எங்கள் இருவருக்கும் கேட்கவே இல்லை.