மூச்சு விடாதே

மார்ச் 3, செவ்வாய்

தம்பி இன்று ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். குடிநீர் மாதிரிப் புட்டிகளுக்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆய்வாளரே, நாம ரெண்டு பேரும் தண்ணிக்கு அடியில போகப் போறோம்" என்றான். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. ஊற்றும் மழையும் சேர்ந்து அதை நிரப்பிவிட்டன. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்குவதற்கு அங்கே பயிற்சி தருகிறார்களாம். போவது இந்த மாதக் கடைசி ஞாயிறு. ஆளுக்கு ஒரு ஜோடி கட்டாயம்.

"உன் பெண்டாட்டிய கூட்டிட்டுப் போயேன்."

"அவளுக்குத் தண்ணின்னா பயம்."

"எனக்கு ஐம்பதாகப் போகுதுடா."

"ஐம்பதெல்லாம் இல்லக்கா, முப்பது அடிதான்."

பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரன்.

அப்பா இவனுக்கு வைத்த பெயர் முக்கால். கிதார், சதுரங்கம், ஒரு வெளிநாட்டு மொழி என்று எதை எடுத்தாலும் முக்கால் தூரத்தில் விட்டுவிடுவான். உருப்படியாக நின்றது தையல் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுதான். அவனுக்குத் திடீரென்று என்ன நீர்மூழ்கும் ஆசை? அதுவும் என்னோடு? ஆதாயம் இல்லாமல் ஒருவன் ஆற்றோடு போவானா என்பார்கள். இவன் குவாரிக்கே போகிறான்.

மார்ச் 4

வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆசையெல்லாம் இல்லை. அவன் எதையோ மறைக்கிறான். கரையில் நின்றால் அது தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. கூடத்தில் நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவன் மனைவியிடம் ரகசியம் பேசினான். ரகசியமாம்! தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத. தெரிஞ்சா வரமாட்டா."

அவள் "மெதுவா, மெதுவா" என்றாள். பிறகு பரிமாற வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அண்ணி" என்று தட்டைப் பார்த்தே சொன்னாள்.

எது தெரிந்தால் நான் வரமாட்டேன்? குவாரியில் யாராவது செத்துப்போயிருக்கிறார்களா? இல்லை, குடும்பத்தோடு வெளிநாடு போய்விடப் போகிறானா? போவதற்கு முன் அக்காவுக்கு ஒரு நல்ல நாள் கொடுத்துவிடலாம் என்ற கணக்கா? எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அது அவனுக்கும் தெரியும்.

மார்ச் 11, புதன்

வேலைக்கு நடுவே குவாரிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். பச்சை நிறம், செங்குத்தான பாறைச் சுவர். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. தண்ணீருக்கு அடியில் பழைய பேருந்து ஒன்றை இறக்கி வைத்திருக்கிறார்களாம், மூழ்குபவர்கள் வேடிக்கை பார்க்க.

உதவியாளர் புட்டியைத் தூக்கிப் பார்த்து, "மேடம், இது குடிக்கவா, குளிக்கவா?" என்று கேட்டார்.

"மூழ்க."



மார்ச் 13

தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. சந்தேகப்படும்படி சுத்தம்.

மார்ச் 14, சனி

முதல் வகுப்பு. அவன் காரில்தான் போனோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். வழியெல்லாம் நான் பேசியதற்கு ஒரு பதில் கிடையாது. வெளிநாட்டு விஷயத்தைக்கூட ஜாடையாகக் கேட்டுவிட்டேன். சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பயிற்சியாளர் முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவராம். கட்டையான உருவம், கண்டிப்பான குரல். எந்தப் படிப்பை வைத்துச் சொல்லித்தருகிறீர்கள் என்று கேட்டேன். சான்றிதழைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பின்பக்கத்தையும் பார்த்தேன்.

"காது, நெஞ்சு, மூக்கு. யாருக்காவது கோளாறு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கீழ போனா தண்ணி காதைத்தான் முதல்ல அமுக்கும்."

எல்லோரும் இல்லை என்று தலையாட்டினோம். தம்பியும்தான். எங்களைப் பார்த்துவிட்டு, கடைசியில்.

"முதல் விதி. மூச்சை அடக்காதீங்க. என்ன ஆனாலும் விட்டுக்கிட்டே இருங்க. அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும்."

இயற்பியல்தான். ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு சைகைகள். 'புரிகிறதா?' என்று அவர் சைகையில் கேட்க, நான் கட்டைவிரலைத் தூக்கினேன். அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தமாம். "இன்னும் எறங்கவே இல்லையே மேடம்!" அறையே சிரித்தது. சரி என்பதற்கு விரலை வளையமாக்க வேண்டும். தம்பி ஒரு சைகையைக்கூடத் தவறவிடவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகிறது.

பல மாதம் — ஏன் அப்படி எழுதினேன்? யோசித்தால் உண்மைதான்.

மார்ச் 17, செவ்வாய்

எங்கள் தெருத் தையல்காரர் வழிமறித்தார். "உங்க தம்பி முன்னெல்லாம் சத்தத்தை வெச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவாரு. இப்ப ரெண்டு தடவை கொண்டுபோயிட்டேன், இன்னும் டக்கு டக்குன்னு அடிக்குது. கேட்டா எல்லாம் சரியா இருக்குங்கறாரு. மனசு வேற எங்கயோ இருக்கு அவருக்கு."

பட்டறையையும் முக்காலில் விடப்போகிறானா? அப்படியென்றால் வெளிநாடுதான். மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. 'மெசேஜ் போடு' என்று பதில் வந்தது. என் குரலைக் கேட்கக்கூட முடியாத அளவுக்கு என்ன குற்றம் செய்கிறான்?

மார்ச் 22, ஞாயிறு

நீச்சல் குளம். தண்ணீரில் இறங்கும் முன் ஜோடி ஜோடியாக ஒருவர் உபகரணத்தை இன்னொருவர் சோதிக்க வேண்டும். நான் அவன் பின்னால், இடப்பக்கம் நின்றேன். அவன் சிலிண்டர் வால்வு மூடியே இருந்தது. கண்டுபிடிக்கிறோமா என்று பார்க்கப் பயிற்சியாளர் வேண்டுமென்றே மூடி வைத்தது.

"உன் காத்து இன்னும் தொறக்கவே இல்ல."

"சரிக்கா."

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வேலையில் ஒரே ஒரு மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. அதே குரலில், "நீ ஒரு பொய்யன்" என்றேன்.

"சரிக்கா."

"குளத்துல முதலை இருக்கு."

கையைத் தூக்கி விரலை வளையமாக்கிக் காட்டினான்.

வால்வைத் திறக்கவில்லை. தலைசுற்றுகிறது என்று பயிற்சியாளரிடம் பொய் சொல்லி, அவனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

அவன் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். இடது காது போன வருடமே போய்விட்டது. வலதில் பாதிதான் மிச்சம். காதில் அழுத்தம் படும் எதுவும் கூடாது, பட்டால் அந்தப் பாதியும் போய்விடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. நான் என்ன பண்ணுவேன்?"

பட்டறையில் அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். என் உதட்டையே பார்த்தான். இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். நான் கள்ளப் பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா?"

"கீழ யாரும் பேசமாட்டாங்கக்கா. எல்லாருக்கும் கைதான். ஒரு அரைமணி நேரம் நானும் எல்லாரையும் மாதிரி இருப்பேன்ல?"

"இருக்கிற பாதியும் போயிட்டா?"

"நீ பக்கத்துல இருப்பேன்னுதான் கூப்பிட்டேன். உன் கண்ணுக்கு எதுதான் தப்பும்? பயிற்சியாளர்கிட்ட மட்டும் மூச்சு விடாத. ஒரே ஒரு தடவை."

எதையும் முக்காலில் விட்டுவிடுகிறவன் இதற்கு மட்டும் அடிவரை போகிறேன் என்கிறான். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 24

சொல்லாவிட்டால் போவது அவன் காது. சொன்னால் அவன் முகத்தில் இருந்த அந்த வெளிச்சம். அதோடு என்மேல் அவன் வைத்த நம்பிக்கையும்.

மார்ச் 25, புதன்

மூச்சு விட்டுவிட்டேன். பயிற்சியாளரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டியலில் தம்பி பெயரை அடித்தார். பிறகு, "அவர எறக்க முடியாது. நீங்க வாங்க, குளத்துல விட்ட பயிற்சிய நாளைக்கு முடிச்சிடலாம். இப்படிச் சந்தேகப்படுறவங்கதான் நல்ல ஜோடி" என்றார். பாராட்டுதானா என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 27

பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டதாக நான் எழுதி அனுப்பியதற்குத் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ்: 'சரிக்கா.' இந்த முறை எதற்குச் சரி என்கிறான் என்று அவனுக்குத் தெரியும்.

மார்ச் 29, ஞாயிறு

போகப்போவதில்லை என்றிருந்தேன். காலையில் அவன் கார் வாசலில் நின்றது. முகம் கடுகடுவென்றிருந்தது. குவாரி வரை ஒரு வார்த்தை இல்லை. நானும் முயலவில்லை.

கொட்டகையில் என் உபகரணத்தை அவனேதான் சோதித்தான். வார், கொக்கி, வால்வு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை, விரலால் தடவி. எதையும் முக்காலில் விடவில்லை. பயிற்சியாளர் எனக்கு ஜோடியாக இறங்கினார்.

கீழே பச்சை இருட்டு. காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதியதும் திறந்தது. பேருந்தின் ஜன்னலில் சின்ன மீன்கள். பயம் வந்தபோது மூச்சை அடக்கப் பார்த்தேன். பயிற்சியாளர் கையசைத்தார்: விடுங்க, விடுங்க. என் மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை.

மேலே வந்தபோது பாறை விளிம்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் வளையமாகச் சேர்த்தான். தூரத்திலிருந்து 'சரியா?' என்று கேட்கும் சைகை. நானும் கையைச் சேர்த்துக் காட்டினேன். உடனே இறக்காமல் அப்படியே வைத்திருந்தான். நானும்.

திரும்பும்போது கார் சாவியைக் கேட்டேன்.

"உனக்குக் களைப்பா இருக்கும், நானே ஓட்டறேன்."

"குடு."

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும், அவனுடைய வலது காது என் பக்கம் வந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"ஆய்வாளரே, அந்தப் பஸ்ஸு எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.