பெட்டியின் மேல் இருந்த பெயர்

இன்று காலை கம்பெனி கிடங்கை ஒழுங்குபடுத்தும்போது ஒரு கறுப்பு டீ-சர்ட் கையில் கிடைத்தது. நெஞ்சில் உயர்த்திய கையின் படம். தையல் பிசகியதால் ஒதுக்கி வைத்தது. பிரிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. முகர்ந்ததும் நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. உடனே உன்மேல் கோபமும் வந்தது. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீ?

அன்றொரு மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், என் மேசையில் கிடந்த சாம்பிளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாய். உன் செல்போனிலும் அதே டீ-சர்ட். ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்ட ஒரு நாட்டின் ஜனநாயகப் போராட்டத்துக்கு, வெளிநாடுகளில் இருக்கும் அந்த நாட்டுக்காரர்கள் முகநூலில் எப்படிப் பணம் திரட்டுகிறார்கள் என்பதுதானே உன் ஆராய்ச்சி. டீ-சர்ட் விற்றுத் திரட்டும் ஒரு பெண்ணின் பக்கத்தை இரண்டு வருஷமாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாய். அவள் விற்ற டீ-சர்ட் நம் திருப்பூரில்தான் தயாரானது. ஆர்டரைப் பார்த்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் நான்.

"ஏம் புள்ள, இது என்னன்னே தெரியாமயா தெச்சுட்டு இருக்கறீங்க?"

"ஏதோ பாட்டுக் கோஷ்டிக்குப் போற பனியன்னு நெனச்சேன்" என்றேன். பொய்யில்லை. எனக்கு அது ஒரு ஸ்டைல் நம்பர், ஒரு ஷிப்மென்ட் தேதி. நீ சிரித்த சிரிப்பில் டீ கொண்டுவந்த அக்கா பயந்துவிட்டார்.

சரக்குக் கிளம்பிய அன்று பெட்டிகளைப் படம் எடுத்து உனக்கும் அனுப்பினேன். வாங்குகிறவர் பெயரும் ஊரும் பளிச்சென்று தெரியும்படி பெட்டியைத் திருப்பி வைத்துத்தான் நாங்கள் படம் எடுப்போம். அது கையோடு ஊறிய பழக்கம். முகநூலில் தன் பெயரையே காட்டாத அந்தப் பெண்ணின் பெயர் அது என்று நான் யோசிக்கவே இல்லை. "அவங்க ஊட்டு ஆளுங்க இன்னும் அந்த நாட்டுலதான் இருக்கறாங்க. இவங்க பேரு வெளிய வந்தா அங்க அவங்களத் தூக்கீருவாங்க" என்று நீ சொன்னதே பிறகுதான்.

கல்லூரிக் கருத்தரங்கில் அந்தப் படத்தைத் திரையில் காட்டினாய். சில நாட்களில் அந்தப் பெண்ணின் முகநூல் பக்கம் காணாமல் போனது. போன் செய்தேன். "மனசே செரியில்ல புள்ள. நேர்ல வந்து சொல்றேன்" என்றாய். அதற்குள் காய்ச்சல். உன் ஊர் மடத்துக்குளத்திலிருந்து உன்னைக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.

நீ போன பிறகு உன் அம்மா உன் பென் டிரைவை என்னிடம் கொடுத்தார்கள். அதில் அந்தப் படம் இரண்டு இருந்தது. ஒன்றில் பெயரைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்திருந்தாய். இன்னொன்றில் பெயர் அப்படியே இருந்தது. திரையில் நீ காட்டியது எது? அவள் தானாகப் பக்கத்தை மூடினாளா, நம்மால் மூடினாளா? கருத்தரங்குக்கு வந்தவர்களைக் கேட்டால், "ஏதோ பெட்டி காட்டுனாங்க" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

போன வாரம் உன் பேராசிரியர் அழைத்தார். உன் நினைவாகக் கட்டுரையை வெளியிடப் போகிறாராம். "பேரோட இருக்கற படம் வேணும்மா. அதில்லாம இதையெல்லாம் யாரு நம்புவாங்க?"

"மறைச்ச படம்தான் இருக்குதுங்க சார்" என்றேன். அதை அனுப்பிவிட்டு மற்றதையும் என் போனில் இருந்ததையும் அழித்தேன். உன் இரண்டு வருஷ உழைப்புக்கு இருந்த ஒரே சாட்சி அது. அந்தப் பெண்ணுக்காகத்தான் அழித்தேனா, படத்தை உனக்கு அனுப்பியவள் நான் என்பதை மறைக்கவா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் திட்டியாவது தெளிவுபடுத்தியிருப்பாய்.

நேற்று ஒரு ஷிப்மென்ட். குழந்தைகள் பனியன்தான். படம் எடுக்கும்போது, பெட்டியைப் பிடிக்கிற சாக்கில் என் இடது கை பெயரின் மேல் போய் நின்றிருக்கிறது.

"ஏனுங்க, கை மறைக்குது பாருங்க. எடுத்துட்டு இன்னொருக்கா எடுங்க" என்றார் மேனேஜர்.

கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.