மூன்றாவது குரல்

மார்கழி பிறந்துவிட்டால் பாலிகஞ்சில் சாயங்காலம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நாலரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வீடு கரியடுப்பு மூட்டிவிடுகிறார்கள். அந்தப் புகை மேலே போகாமல் குளத்தங்கரையில் இறங்கிச் சந்து முழுக்கப் படுத்துக்கொள்கிறது. நேற்று ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். பன்னிரண்டு மார்கழியாக இதே கதைதான். எனக்கு நாற்பது ஆகிவிட்டது, தலை நரைத்துவிட்டது. நீ மட்டும் இருபத்தெட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறாய். சில சமயம் அதுவே எனக்கு எரிச்சலாக வருகிறது.

கும்பகோணத்தில் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே ரயிலில் இந்த ஊருக்கு வந்து, ஒரே ஆபீசில் குமாஸ்தாக்களானோம். பிசிமாவின் வீட்டு முற்றத்தில் எதிரெதிராக ஆளுக்கொரு அறை. பிசிமா என்றால் இந்த ஊர்ப் பேச்சில் அத்தை. வீட்டுக்காரி அவள், சந்துக்கே அத்தை. இந்த ஊரில் என்னைச் ‘சாமா’ என்று கூப்பிட நீ ஒருத்தன்தான் இருந்தாய். ஆபீசில் நான் சுவாமி பாபு. நீ போன பிறகு கல்யாணமாகி வந்தவளுக்கு, ‘ஏன்னா’.

குடிவந்த முதல் வாரமே பிசிமா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாளே, நினைவிருக்கிறதா? பொழுது சாய்ந்த பிறகு யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து போகக் கூடாது. தெரிந்த குரலாக இருக்கும், பெற்ற தாயின் குரலாகக்கூட இருக்கும். ஆனால் அது நிஷி, ராத்திரிப் பேய். எழுந்து போனவனைக் கூட்டிக்கொண்டே போய்விடும். நிஷியால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மனுஷனாக இருந்தால் மூன்றாம் முறையும் கூப்பிடுவான், அப்போது போனால் போதும் என்றாள். நான் கேலியாகச் சிரித்துவிட்டு, அன்று முதல் அதன்படியே நடந்தேன். நீ பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, ஒரு நாளும் அதை மதிக்கவில்லை.

யார் கூப்பிட்டாலும் முதல் குரலிலேயே கிளம்பிவிடுவாய். ஒருதரம் யார் வீட்டுப் பசுவோ குளத்துச் சேற்றில் சிக்கி, இருட்டுகிற நேரத்தில் சத்தம் கேட்டது. சாப்பிட்ட கையோடு ஓடினாய். எனக்கு வந்ததே கோபம்! “பேயா மனுஷனான்னு பாத்துட்டாவது போயேண்டா” என்று கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போனாத்தானேடா தெரியும்” என்றாய்.

நான் தினம் விடியற்காலையில் குளித்து ஜபம் செய்கிறவன். அமாவாசை தவறாமல் கங்கையில் தர்ப்பணம் விடுகிறவன். நீயோ சூரியன் முகத்தில் அடிக்கும்வரை தூங்குவாய். நம் இருவரில் யார் நல்லவன் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. குளத்துக்கு அக்கரை வண்ணானுக்கு வாந்திபேதி. முந்தின நாள் அவன் பெண்சாதி வேலியோரம் நின்று அலற, நீதான் போனாய். மறுநாள் மத்தியானம் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, அவன் பிழைத்துக்கொண்டான் என்று சொன்னபோது உன் முகத்தில் அப்படி ஒரு களை. நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, என் அறைப் பக்கம் வராதே என்றேன். நீ ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் அறைக்குப் போய்ப் படுத்தாய்.

புகை இறங்குகிற நேரத்தில் முற்றத்திலிருந்து “சாமா” என்று கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து மறுபடியும், “சாமா.” போர்வைக்குள்ளேயே இரண்டாவது விரலை மடக்கினேன். பிசிமா சந்தியாகாலச் சங்கு ஊதினாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. குளத்துக்கு அப்பால் நரிகள் மட்டும் ஊளையிட்டன.

துளசிக்கு விளக்கு வைக்க வந்த பிசிமாதான் பார்த்தாள். நீ பாதி உடம்பு உன் வாசற்படிக்கு வெளியே வர விழுந்து கிடந்தாய்; கை என் கதவுப் பக்கம் நீண்டிருந்தது. விடிவதற்குள் போய்விட்டாய்.

இரண்டு குரல்தான் கேட்டது என்று நான் சொன்னதும் பிசிமா என் தலையைத் தடவினாள். அது அவன் இல்லை, நிஷி. எழுந்து போயிருந்தால் நானும் செத்திருப்பேன் என்றாள். அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கு அப்படித்தான் எழுதினேன். என் மனைவிக்கும் அதுதான் தெரியும்.

நேற்று, கழற்றிய சட்டை கையில் இருக்கும்போதே கேட்டது. “சாமா.” என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. பிசிமாவுக்கு நாலு வருஷமாகக் காது அடியோடு போய்விட்டது. தான் ஊதுகிற சங்கே அவளுக்குக் கேட்காது. அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் கிளம்பினேன். “ஜேயோ நா” என்றாள். போகாதே என்கிறாள். மறுபடி உன் குரல். அவள் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். சட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

சந்தில் புகையைத் தவிர யாருமில்லை. பத்தடி நடந்த பிறகு சுவரோரம் ஒருவன் சுருண்டு கிடந்தது தெரிந்தது. ஒடியாக்காரன், பல்லக்குத் தூக்குகிறவன். வேட்டியெல்லாம் நனைந்து, கண் உள்ளே போயிருந்தது. அதே வியாதி. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவந்து, காலியாகக் கிடந்த உன் அறையில் படுக்கவைத்தேன். என் மனைவி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு கஞ்சி வைத்தாள்.

இப்போது காலை மணி பத்து. ஆபீசுக்குப் போகவில்லை. நாடி கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இன்று தாண்டினால் பிழைப்பான் என்று கம்பவுண்டர் சொல்லிப்போனார். நேற்று என்னைக் கூப்பிட்டது அவன்தானா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். நேற்று மத்தியானமே குரல் போய், இன்றுதான் முனகுகிற அளவுக்கு வந்ததாம். என் பேர்தான் அவனுக்கு எப்படித் தெரியும்? நிஷி வீட்டைக் கண்டுகொண்டுவிட்டது என்று பிசிமா காலையிலிருந்து புலம்புகிறாள்.

நிஷியாவது ஒன்றாவது. உன் குரல் எனக்குத் தெரியாதா? நேற்று முதல் தடவையே தெரிந்தது. அன்றைக்கும் முதல் தடவையே தெரிந்ததடா. நீதான், உனக்கும் கண்டுவிட்டது என்று தெரிந்துதான் படுத்திருந்தேன். எனக்குப் பயம் பேயிடம் இல்லை, உன்னைத் தொடுவதில். மூன்றாவதாக நீ கூப்பிட்டுவிடக் கூடாதே என்று சுவாமியை வேண்டிக்கொண்டுதான் விரலை மடக்கினேன். வேண்டுதல் பலித்தது. பன்னிரண்டு வருஷமாக நான் சுமந்துகொண்டிருப்பது அதைத்தான்.

உன் அம்மா இன்னும் இருக்கிறாள். இன்றைத் தபாலில் அவளுக்கு உள்ளதை எழுதிவிடுகிறேன். என்னைச் சபித்தால் சபிக்கட்டும். உன் அறையில் அவன் முனகுகிறான். எழுந்து போகிறேன்.