கூரைக்குக் கீழே கண்ணாடி

ஓசூர்
14.7.2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் என் சளியும் சௌக்கியம். அண்ணியைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ வரைந்த ஆஸ்பத்திரி என்று மற்ற நர்சுகளிடம் பீற்றிக்கொண்டே இருந்தேன். பொது வார்டு ஏ.சி. இல்லாமலே சிலுசிலுவென்று இருந்தது. போன வாரம் ஏ.சி. மாட்டி, கூரைக்குக் கீழே சூடு வெளியேற நீ வைத்த திறப்புகளைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டார்கள். நீயும் ஒத்துக்கொண்டாயாமே?

தினமும் மூன்று மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும். கீழ் ஜன்னலைத் திறந்தால் குவாரி லாரிகளின் கல்தூசி. என் வார்டில் பாதிப் பேர் நுரையீரல் நோயாளிகள். அவர்கள் எங்கே போய் மூச்சு விடுவார்கள்?

உன் தங்கை,
தமிழ்செல்வி

சென்னை
22.7.2008

அன்புள்ள செல்விக்கு,

அங்கே சிகிச்சைக்கு வரும் கம்பெனி ஆட்கள் ஏ.சி. இல்லாமல் படுக்க மாட்டார்களாம். நிர்வாகம் ஒற்றைக்காலில் நின்றது. திறப்புகள் இருந்தால் குளிர் வெளியே போய் மின்செலவு ஏறும், பசுமைக் கட்டடச் சான்று கிடைக்காது. அந்தச் சான்றுக்காக நவம்பரில் பார்வையிட வருகிறார்கள். அது முடிந்ததும் நானே வந்து கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறேன்.

என் முதல் பெரிய கட்டடம், செல்வி. நாலு மாதம் பொறுத்துக்கொள். மருந்து மாத்திரையை நீ பார், சுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
கமலக்கண்ணன்

ஓசூர்
19.10.2008

அண்ணா,

ராமப்பன் இறந்துவிட்டார். சூளகிரிப் பக்கம் குவாரியில் இருபது வருஷம் கல் உடைத்தவர். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கரண்டு போனது. ஆக்சிஜன் வைத்திருந்தோம். ஆனாலும் வார்டு வெந்துகொண்டிருந்தது. "அத தொறந்து வுடும்மா, மூச்சு முட்டுது" என்று மேலேயே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை உடைக்கலாமென்று கட்டில் மேல் ஸ்டூல் போட்டு ஏறியும் எனக்கு எட்டவில்லை. வாட்ச்மேன் ஏணி கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணைக்குச் சுகாதாரத் துறை அதிகாரி வருகிறார். எனக்கு உன்மேல் ஆத்திரமாக வருகிறது.

தமிழ்செல்வி

சென்னை
27.10.2008

அன்புள்ள செல்விக்கு,

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த மனிதர் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே எழுதியிருக்கிறார். அதை மட்டும் நீயும் சொன்னால் போதும். கண்ணாடியைப் பற்றி நீயாக எதுவும் சொல்லாதே. என் பெயர் கெட்டால் இனி ஒரு கட்டடமும் கிடைக்காது. நீ நர்சிங் படிக்க நான் பட்ட பாட்டைச் சொல்லிக்காட்டவில்லை. அண்ணனாகக் கேட்கிறேன்.

கமலக்கண்ணன்

ஓசூர்
5.11.2008

அண்ணா,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாளே வந்தது. நீ கேட்டபடி சொல்ல என்னால் முடியவில்லை. ஜூலையிலேயே உனக்கு எழுதினேன் என்பதையும், நீ எழுதிய பதிலையும் சொல்லிவிட்டேன். நீ எனக்குச் செய்ததெல்லாம் நினைவிருந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

ராமப்பனின் மனைவி சென்னம்மாள் விசாரணை அறைக் கதவுக்கு வெளியே அரைகுறையாகக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும், "கண்ணாடி போட ஒத்துக்கினவரு யாரும்மா?" என்று கேட்டார்.

என் அண்ணன் என்றேன்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இனி நீயும் பேச மாட்டாய்.

தமிழ்செல்வி