விரல் காட்டி எடுத்த சாளை

ஜனவரி 6, செவ்வாய்.

லீவு முடிந்தது. நாளை மறுநாள் வியட்நாமுக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் இருக்கும் தா நாங் மலிவான ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு மட்டும் அங்கே சம்பளம் கையில் நிற்பதில்லை. மரச்சீனிக் கிழங்கைக்கூட இந்தியக் கடை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, சொன்ன விலையைக் கொடுக்கிறோம். தெருமுனைச் சந்தையில் அதே கிழங்கு மண்ணோடு குவிந்து கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்கிறார் இவர்.

காலையில் குளச்சல் துறைமுகத்துக்குப் போனோம். இவர் ஏலத்தில் ஒரு கூடை சாளை மீனைக் குறைந்த விலைக்கு எடுத்தார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"அங்க சந்தைக்குப் போனா என்ன அத்தான்?"

"பாஷ தெரியாதுல்லா."

"இங்க மட்டும் பேசியா எடுத்தீங்க? வெரலத்தானே காட்டுனீங்க."

இவர் பைக்கைக் கிளப்பினார்.

மாமியார் எங்களுக்காகக் கட்டிவைத்த வத்தல் பொதியைப் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்து வெளியே வைத்தேன். காலையில் பார்த்தால் கோபப்படுவார். படட்டும். அந்த இடத்தில் ஒரு சந்தைப் பையை மடித்து வைத்திருக்கிறேன்.

அங்கே சந்தைக்கு இவர் வராவிட்டால் போகட்டும். எனக்கும் பத்து விரல் இருக்கிறது.