தம்பி பாடினானாம்

ஜூலை 14

இன்று மாலை திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வல்லத்துக்காரர் ஒருவர் வந்தார். போரில் இறந்த என் தம்பி கேப்டனாக இருந்தபோது அவனுக்கு ஜீப் ஓட்டியவராம்.

"சார் வண்டில ஏறுனா பாடிக்கினே வருவாருங்க" என்றார்.

என்னால் நம்ப முடியவில்லை. பள்ளியில் கடவுள் வாழ்த்துக்குக்கூட வாய் திறக்காதவன் அவன்.

"என்ன பாட்டு?" என்று கேட்டேன்.

"பழைய சினிமா பாட்டுங்க. வரி மறந்துட்டா மயிலம், கூட்டேரிப்பட்டுன்னு நம்ம ஊரு பேரப் போட்டு ரொப்புவாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. இத்தனை வருடம் கூடவே வளர்ந்தவளுக்குத் தெரியாமல் எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

அவர் போனபின் அம்மாவிடம் சொன்னேன். "நல்லா பாடுவானாமா?" என்றாள்.

அதை நான் கேட்கவே இல்லை. அவர் நம்பர் இருக்கிறது. விடிந்ததும் கேட்க வேண்டும்.